டீசல் இன்ஜின் தண்ணி கூலிங்: உள்ள என்ன நடக்குது, நம்ம ஊரு உப்புத் தண்ணில அதை எப்படி காப்பாத்துறது – முழு வழிகாட்டி

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் எங்க திரும்பினாலும் டீசல் இன்ஜின்தான், டிராக்டர், டிப்பர், கிரானைட் குவாரில ஓடுற கம்ப்ரஸர், போர் போடுற வண்டி, மண்டபத்து ஜெனரேட்டர், 44-ம் நம்பர் ஹைவேல ராத்திரி பகலா போற லாரின்னு பெரும்பாலும் எல்லாமே தண்ணிய வெச்சு குளிர வைக்கிற இன்ஜின். இதுல ஏகப்பட்ட இன்ஜின் கெட்டுப் போறது ஓட்டம் ஜாஸ்தியானதால இல்லீங்க, ரேடியேட்டர்ல நாம ஊத்துற தண்ணியால. ஆயில் மாத்த ஆயிரக்கணக்குல செலவு பண்ற ஆளு கூட ரேடியேட்டருக்கு பக்கத்து குழாய்ல ஒரு பக்கெட் புடிச்சு ஊத்திட்டு போயிடுறாரு. அது ஏன் தப்புன்னு புரியணும்னா முதல்ல உள்ள என்ன நடக்குதுன்னு தெரியணும், அதனால அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

1. சூடு எவ்வளவு, அது எங்க போகுது

டீசல் எரியிற அந்த கணத்துல சிலிண்டருக்குள்ள இருக்குற வாயுவோட சூடு 2000 டிகிரி செல்சியஸ் கிட்ட போகுது. வார்ப்பு இரும்பு 1200 டிகிரி வாக்குலயே உருகிடும், அலுமினியம் 660-லயே உருகும், பிஸ்டன் அலுமினியக் கலவைதான். அப்புறம் எப்படி இன்ஜின் உருகாம ஓடுதுன்னா, அந்த சூடு கண் சிமிட்டுற நேரம் கூட நிக்கிறதில்ல, நின்ன வரைக்கும் இரும்புல ஏறுன சூட்டை பின்னாடியே தண்ணி எடுத்துக்கிட்டு போயிடுது.

100 ரூபாய்க்கு டீசல் போட்டீங்கன்னா சுமாரா 35, 40 ரூபாதான் சக்கரத்துக்கோ பம்புக்கோ வேலையா போகும், 30 ரூபா சைலன்சர் வழியா புகையோட போயிடும், மிச்சம் கிட்டத்தட்ட எல்லாமே கூலிங் தண்ணி, ஆயில், இன்ஜின் மேல்பரப்பு வழியா வெளிய போற சூடு, அதுல பெரிய பங்கு தண்ணிக்குதான். அதாவது இன்ஜின் முழு லோடுல இழுக்குறப்ப சக்கரத்துக்கு போற சக்தில பாதி அளவுக்காவது சூட்டை ரேடியேட்டர் காத்துல வீசிக்கிட்டே இருக்கணும், நிக்காம.

இன்னொரு விஷயம், கூலிங் சிஸ்டத்தோட வேலை இன்ஜினை ஜில்லுன்னு வைக்கிறது கிடையாது. 80-லிருந்து 95 டிகிரிக்குள்ள ஒரே சீரா வைக்கிறதுதான் வேலை. சூடு பத்தலைன்னா டீசல் சரியா எரியாம லைனர் (பிஸ்டன் ஏறி இறங்குற சிலிண்டர் குழாய்) சுவத்துல ஒட்டி ஆயில் படலத்தை கழுவிடும், ஆயில்ல டீசல் கலக்கும், எரிஞ்ச வாயுல இருக்குற நீராவி தண்ணியா மாறி கந்தகத்தோட சேர்ந்து ஆசிட் ஆகி லைனரை அரிக்கும்.

2. தண்ணி போற வழி

பானட்டை தொறந்து வெச்சுக்கிட்டு கூடவே பார்த்துக்கிட்டு படிச்சா நல்லா மனசுல பதியும்.

வாட்டர் பம்ப்புல இருந்து ஆரம்பிங்க. இன்ஜின் முன்னாடி, ஃபேனுக்கு பின்னாடியே பெரும்பாலும் இருக்கும், கிராங்க் புல்லில இருந்து பெல்ட்டுல சுத்தும், சில இன்ஜின்ல கியர்ல. ரேடியேட்டரோட கீழ் ஓஸ் வழியா ஆறின தண்ணிய இழுத்து பிளாக்குக்குள்ள தள்ளுது. பெரிய இன்ஜின்ல அந்த தண்ணி ஆயில் கூலரையும் தொட்டுட்டு போகும். அப்புறம் ஒவ்வொரு லைனரையும் சுத்தி இருக்குற வாட்டர் ஜாக்கெட்டுக்குள்ள ஓடி, ஹெட் கேஸ்கெட்ல (பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவுல வெக்கிற தகடு) இருக்குற ஓட்டைங்க வழியா சிலிண்டருக்கு மேல மூடியா உக்காந்திருக்குற ஹெட்டுக்கு ஏறுது. இன்ஜின்லயே கொடூரமான சூடு ஹெட்லதான், எக்ஸாஸ்ட் வால்வு சீட்டுக்கும் இன்ஜெக்டருக்கும் நடுவுல இருக்குற சின்ன இடத்துல. அந்த இடத்துல தண்ணி போற சந்து ரொம்ப குறுகல், உப்பு படிஞ்சா முதல்ல அடைக்கிறதும் அங்கதான், ஹெட்டு விரிசல் விடுறதும் அங்கதான்.

ஹெட்ல இருந்து வெளிய வர்ற வாசல்ல தெர்மோஸ்டாட் உக்காந்திருக்கும், நம்ம மெக்கானிக்குங்க வால்வுன்னு சொல்றது இதைத்தான். அதுக்குள்ள ஒரு சின்ன பித்தளை குப்பில மெழுகு இருக்கு. இன்ஜின் குளிரா இருக்குறப்ப அது மூடியே இருக்கும், தண்ணி ரேடியேட்டருக்கு போகாம பைபாஸ் வழியா திரும்ப பம்புக்கே போய் சுத்திக்கிட்டே இருக்கும், அதனாலதான் இன்ஜின் சீக்கிரம் சூடாகுது. 82 டிகிரி மாதிரி ஒரு சூடு வந்ததும் மெழுகு உருகி விரிஞ்சு ஊசிய தள்ளி வாசலை திறக்கும், இன்னொரு பத்து பதினஞ்சு டிகிரி ஏறுறதுக்குள்ள முழுசா திறந்துடும். திறக்குற சூடு எத்தனைன்னு தெர்மோஸ்டாட் மேலயே அடிச்சிருப்பாங்க.

திறந்ததும் சூடான தண்ணி மேல் ஓஸ் வழியா ரேடியேட்டருக்கு வந்து மெலிசான டியூப்புங்க வழியா கீழ இறங்குது, டியூப்புக்கு நடுவுல இருக்குற ஃபின்னு வழியா ஃபேன் காத்தை இழுக்குது. நிறைய பேரு ரேடியேட்டர்ல தண்ணி ஒரேடியா ஆறிப்போகும்னு நினைக்கிறாங்க, அப்படி இல்ல, ஒரு சுத்துக்கு பெரும்பாலும் அஞ்சு பத்து டிகிரிதான் இறங்கும். அவ்வளவு கம்மியா இறங்கியும் வேலை நடக்குதுன்னா தண்ணி ஓடுற வேகம் அப்படி, லாரி இன்ஜின் முழு வேகத்துல சுத்துறப்ப பம்ப் நிமிஷத்துக்கு நூத்துக்கணக்கான லிட்டர் தள்ளுது. அதனால ஓட்டம் கொஞ்சம் கொறஞ்சாலும் உடனே சூடு ஏறும்.

ஃபேனை சுத்தி இருக்குற ஷ்ரவுட், அதாவது வளையக் கூடு, உடைஞ்சு போனா கழட்டி ஓரமா போட்டுடாதீங்க. அது இல்லன்னா ஃபேன் ரேடியேட்டர் வழியா காத்தை இழுக்காம பக்கத்துல இருக்குற சூடான காத்தையே திரும்ப திரும்ப சுத்திக்கிட்டு இருக்கும்.

3. ரேடியேட்டர் மூடி

சின்ன பொருள், விலையும் சொல்ப விலை, ஆனா வேலை பெருசு. பிரஷர் குக்கர்ல நடக்குறதுதான் இங்கயும் நடக்குது, அழுத்தம் ஏறினா தண்ணி கொதிக்கிற சூடும் ஏறும். கடல் மட்டத்துல திறந்த பாத்திரத்துல 100 டிகிரில கொதிக்கும், ஓசூர் சுமார் 900 மீட்டர் உயரத்துல இருக்கு, அங்க 97-லயே கொதிச்சிடும். 0.9 பார் மூடி போட்டா வெறும் தண்ணியே 118 டிகிரி கிட்டதான் கொதிக்கும், கூலன்ட் (ரேடியேட்டர் தண்ணில கலக்குற மருந்து) கலந்திருந்தா இன்னும் மேல போகும். மூடியோட ரப்பர் வாஷர் வெடிச்சிருந்தாலோ ஸ்பிரிங் லொடலொடன்னு இருந்தாலோ அந்த இருபது டிகிரி பாதுகாப்பும் போச்சு.

மூடிக்கு நடுவுல இன்னொரு குட்டி வால்வு இருக்கும், சூட்டுல வழிஞ்சு பக்கத்து டப்பாக்கு போன தண்ணிய இன்ஜின் ஆறுறப்ப திரும்ப உள்ள இழுக்குறதுக்கு. அது ஒட்டிக்கிச்சுன்னா இன்ஜின் ஆறுனதும் ஓஸ் அமுங்கி சப்பையா நிக்கும். அப்படி பார்த்தீங்கன்னா ஓஸை மாத்தாதீங்க, மூடியை மாத்துங்க. மேல எழுதியிருக்குற பார் அளவு அதேதானான்னு பார்த்து வாங்கணும், சூடு ஏறுதுன்னு அதிக அளவு மூடி போட்டா ரேடியேட்டர் டியூப் பிச்சுக்கும்.

4. என்ன ஊத்தணும்

இதுதான் நான் முக்கியமா சொல்ல வந்தது.

நம்ம மாவட்டத்து போர் தண்ணில ஃப்ளோரைடு ஜாஸ்தின்னு எல்லாருக்கும் தெரியும், பல்லு கறை புடிச்சு எலும்பு பாதிச்சு எத்தனை ஊரு கஷ்டப்பட்டுச்சு, அதுக்காகத்தானே ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டமே வந்து 2013-ல தண்ணி விட்டாங்க. ஆனா இன்ஜினுக்கு முக்கிய எதிரி ஃப்ளோரைடு இல்ல, அதே தண்ணில கரைஞ்சிருக்குற கால்சியம், மக்னீசியம், குளோரைடு. உப்பு பொதுவா சூட்டுல நல்லா கரையும்னு நினைப்போம், இந்த கால்சியம் சமாச்சாரம் நேர் எதிர், தண்ணி சூடானா கரைஞ்சிருந்தது பிரிஞ்சு வெளிய வந்து சுண்ணாம்பா ஒட்டிக்கும். எங்க அதிக சூடோ அங்கதான் அதிகமா ஒட்டும், அதாவது ஹெட்ல, லைனரோட மேல் பகுதில. அந்த வெள்ளைப் படிவம் வார்ப்பு இரும்பை விட இருபது முப்பது மடங்கு கம்மியாதான் சூட்டை கடத்தும். ஒரு மில்லிமீட்டர் படிஞ்சா போதும், பக்கத்துலயே தண்ணி ஓடினாலும் இரும்போட சூடு தண்ணிக்கு வந்து சேராது, மீட்டர்ல முள்ளு நடுவுலயே நிக்கும், உள்ள ஹெட்டு வெந்துக்கிட்டு இருக்கும்.

குளோரைடு வேற மாதிரி, அது அலுமினியத்தையும் இரும்பையும் புள்ளி புள்ளியா தின்னும். தெர்மோஸ்டாட் ஹவுசிங்கை கழட்டினா அலுமினியம் கரைஞ்சு குழி குழியா இருக்குறதை நம்ம பக்கம் எந்த ஒர்க் ஷாப்லயும் பார்க்கலாம்.

அப்போ ஒகேனக்கல் தண்ணி ஊத்தலாமா, கேன் தண்ணி ஊத்தலாமான்னு கேப்பீங்க. ஆத்துத் தண்ணி போர் தண்ணிய விட தேவலாம், ஆனா அதுலயும் உப்பு இருக்கு. ஆர்ஓ கேன் தண்ணி அதைவிட தேவலாம். சரியானது டிஸ்டில்டு வாட்டர், பேட்டரிக்கு ஊத்துறோமே அதேதான், விலை ஒண்ணும் பெருசில்ல. ஆனா எந்த தண்ணியா இருந்தாலும் தனியா ஊத்தினா துரு புடிக்கும், கூலன்ட் கண்டிப்பா கலக்கணும்.

நம்ம ஊர்ல தண்ணி உறையப் போறதில்லையே, கூலன்ட் எதுக்குன்னு கேக்குற ஆளுங்க நிறைய. கூலன்ட்ல இருக்குற கிளைக்கால் உறையாம வைக்கிறது ஒரு பக்கம், கொதிநிலைய ஏத்துறது இன்னொரு பக்கம், இதைவிட முக்கியம் அதுல சேர்த்திருக்குற துருத்தடுப்பு மருந்துங்க. குறிப்பா லாரி, டிராக்டர் மாதிரி ஹெவி இன்ஜின்ல நிறைய வெட் லைனர், அதாவது தண்ணி நேரா லைனரை தொடும். பிஸ்டன் ஒவ்வொரு தடவையும் பக்கவாட்டுல லைனர்ல இடிக்குது, லைனர் அதிருது, அதிர்றப்ப அதோட வெளிப்பக்கத்துல தண்ணி ஒரு கணம் விலகி நுண்ணிய நீராவி குமிழி உண்டாகி உடனே உடையுது. உடையிற அந்த அடி ஒரே இடத்துல லட்சக்கணக்கான தடவை விழுந்து லைனர்ல ஊசி குத்தின மாதிரி குழி விழுந்து கடைசில உள்பக்கம் வரைக்கும் ஓட்டை போட்டுடும், தண்ணி ஆயில்ல இறங்கும். இதை தடுக்கத்தான் ஹெவி டியூட்டி கூலன்ட்ல நைட்ரைட் மாதிரி மருந்து சேர்க்கிறாங்க, அது லைனர் மேல மெல்லிசா ஒரு படலம் கட்டும். கார் கூலன்ட் எல்லாத்துலயும் இது இருக்காது. அதனால வெட் லைனர் இன்ஜினுக்கு கேன் மேல ஹெவி டியூட்டின்னு இருக்கா, ஏஎஸ்டிஎம் டி 6210 தரம் போட்டிருக்கா, வண்டி புக்குல சொன்ன வகைதானான்னு பார்த்து வாங்குங்க.

கலர் பார்த்து வாங்காதீங்க. பச்சை, ஆரஞ்சு, ரோஸ் எல்லாம் கம்பெனி போடுற சாயம், உள்ள என்ன மருந்துன்னு கலர் சொல்லாது. ரெண்டு வகைய கலந்தா மருந்து வேலை செய்யாம போகலாம், சிலது கூழ் மாதிரி கெட்டியாகி டியூப்பை அடைக்கும்.

கலவை அளவு: கான்சன்ட்ரேட்டா வாங்கினா பாதிக்கு பாதி, அதாவது பத்து லிட்டர் சிஸ்டத்துக்கு அஞ்சு லிட்டர் கூலன்ட், அஞ்சு லிட்டர் டிஸ்டில்டு வாட்டர். ரெடி மிக்ஸ் கேன்னா அப்படியே ஊத்தணும், அதுல மறுபடி தண்ணி கலந்தா மருந்து நீர்த்துப் போயிடும், இந்த தப்பு கடைல கேனை சரியா படிக்காததால அடிக்கடி நடக்குது. நல்லதுதானேன்னு முழுசா கூலன்ட்டே ஊத்தறதும் தப்பு, கிளைக்கால் தண்ணி அளவுக்கு சூட்டை சுமக்காது, இன்ஜின் இன்னும் சூடாகும்.

5. பழசை எடுத்து கழுவி புதுசு ஊத்துறது

இன்ஜின் நல்லா ஆறினதுக்கு அப்புறம்தான் எதையும் தொடணும், ராத்திரி நிறுத்தி காலைல செய்யிறது உத்தமம். வண்டிய சமமான இடத்துல நிறுத்தி, கேபின் ஹீட்டர் இருந்தா அதை முழுசா திறந்து வெச்சிட்டு, ரேடியேட்டர் மூடிய திறந்து கீழ இருக்குற டிரெய்ன் காக்கை திறங்க. இதோட நிறைய பேரு நிறுத்திடுவாங்க, பிளாக் பக்கவாட்டுலயும் ஒரு டிரெய்ன் பிளக் இருக்கும், அதையும் திறந்தாதான் லைனரை சுத்தி அடில தேங்கி நிக்கிற சேறு வெளிய வரும். திறந்தும் எதுவும் வரலைன்னா ஓட்டை அடைச்சிருக்குன்னு அர்த்தம், கம்பி விட்டு குத்தி விடுங்க.

வந்த தண்ணிய ஒரு பக்கெட்ல புடிச்சு பாருங்க. செம்பழுப்பா இருந்தா துரு, வெள்ளைத் தூள் இருந்தா சுண்ணாம்பு, மேல எண்ணெய் மிதந்தா ஆயில் கூலரோ ஹெட் கேஸ்கெட்டோ போயிருக்கு, அதை சரி பண்ணாம புது கூலன்ட் ஊத்தறது வீண். அந்த பழைய கூலன்ட்டை தரைல விடாதீங்க, ஓடையிலயும் ஊத்தாதீங்க. கிளைக்கால் இனிப்பா இருக்கும், நாய், ஆடு, மாடு நக்கி குடிச்சா சிறுநீரகம் கெட்டு செத்துப் போகும், கொழந்தைங்களுக்கும் விஷம்தான். மூடி போட்ட கேன்ல ஊத்தி, பழைய ஆயில் சேகரிக்கிறவங்க வாங்குவாங்களான்னு கேட்டு தனியா குடுங்க, ஆயிலோட கலந்துடாதீங்க.

அடுத்து தெர்மோஸ்டாட்டை கழட்டி எடுத்துட்டு, ஹவுசிங்கை மூடிட்டு, கீழ் ஓஸ் வழியா தண்ணி விட்டு மேல் ஓஸ் வழியா வெளிய வர்ற மாதிரி ரேடியேட்டரை தலைகீழா கழுவுங்க, வழக்கமா ஓடுற திசைல அடைஞ்சிருக்குறது எதிர் திசைல சுலபமா கிளம்பும். படிவம் கெட்டியா இருந்தா ரேடியேட்டர் ஃப்ளஷ் மருந்து வாங்கி பாட்டில்ல சொன்ன அளவுல கலந்து சொன்ன நேரம் ஓட்டுங்க. சில பேரு பாத்ரூம் கழுவுற ஆசிட்டை ஊத்துறாங்க, தயவு செஞ்சு வேண்டாம், அது ஹைட்ரோகுளோரிக் ஆசிட், அலுமினிய ரேடியேட்டரையும் பம்ப் ஹவுசிங்கையும் தின்னுட்டு போயிடும், சுண்ணாம்பு போன சந்தோஷம் கொஞ்ச நாள்தான் இருக்கும். கடைசி கழுவலை மட்டுமாவது டிஸ்டில்டு வாட்டர்ல செய்யுங்க, இல்லன்னா உள்ள தங்குற போர் தண்ணி புது கூலன்ட்டோட கலந்துடும்.

கழட்டின தெர்மோஸ்டாட்டை அடுப்புல ஒரு பாத்திரத்து தண்ணில தொங்க விட்டு தெர்மாமீட்டர் வெச்சு சூடு பண்ணுங்க, அடிச்சிருக்குற டிகிரில திறக்க ஆரம்பிக்கணும், ஆறினா மூடணும். திறக்கலைன்னா புதுசு போடுங்க. "நம்ம ஊரு வெயிலுக்கு வால்வே தேவையில்லண்ணா, கழட்டி விட்டுடலாம்"னு யாராச்சும் சொன்னா ஒத்துக்காதீங்க. குளிர்ந்த இன்ஜின் ஓடுற கெடுதலை மேல சொல்லிட்டேன், அதோட பல லாரி இன்ஜின்ல தெர்மோஸ்டாட் திறக்குறப்பவே அதோட அடித்தட்டு பைபாஸை மூடும், அதை எடுத்துட்டா பைபாஸ் எப்பவும் திறந்தே இருக்கும், தண்ணில ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாம சுத்தும், லோடுல இன்னும் அதிகமா ஹீட் ஆகும்.

ஊத்துறப்ப மெதுவா ஊத்துங்க, வேகமா ஊத்தினா ஹெட்ல காத்து மாட்டிக்கும், காத்து இருக்குற இடத்துல கூலிங் சுத்தமா கிடையாது. ஏர் விடுற ஸ்குரூ இருந்தா அதை தளர்த்தி குமிழி இல்லாம வர்ற வரைக்கும் ஊத்துங்க. அப்புறம் மூடி போடாம ஸ்டார்ட் பண்ணி ஐடில்ல விட்டு, முகத்தை மேல நீட்டாம தள்ளி நின்னு பாருங்க, தெர்மோஸ்டாட் திறந்ததும் மட்டம் சட்டுனு இறங்கும், மேல் ஓஸும் சூடாகும், இறங்கின அளவுக்கு ஊத்தி மூடுங்க. அடுத்த ரெண்டு மூணு காலை ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி மட்டம் பாருங்க, மிச்ச காத்து வெளிய வர்றப்ப இன்னும் கொஞ்சம் இறங்கும்.

6. தினமும் ஒரு பார்வை

மட்டம், ஓஸ் மெதுமெதுன்னு ஊறியிருக்கா, கிளிப் கிட்ட வெள்ளையா பச்சையா கறை இருக்கா, பெல்ட்டை நடுவுல கட்டை விரலால அமுக்கினா சுமார் 10, 15 மில்லிமீட்டருக்கு மேல அமுங்குதா, அவ்வளவுதான். வாட்டர் பம்ப்புக்கு அடில ஒரு சின்ன ஓட்டை இருக்கும், அது வழியா தண்ணி சொட்டினா பம்ப் சீல் போயிடுச்சு, சொட்டுறது தெரியட்டும்னுதான் அந்த ஓட்டையே வெச்சிருக்காங்க. எம்சீல் வெச்சு அடைச்சா தண்ணி பேரிங்குக்குள்ள போகும், பேரிங் உடைஞ்சா ஃபேன் போய் ரேடியேட்டரையே கிழிச்சிடும்.

டிராக்டர் வெச்சிருக்குறவங்க கேழ்வரகு போரடிக்கிற சீசன்ல, நெல்லு, நிலக்கடலை மெஷின் ஓட்டுறப்ப ரேடியேட்டர் முன்னாடி வலைய மணிக்கு ஒரு தடவையாவது தட்டி விடுங்க, பதரும் தூசியும் ஃபின்னை முழுசா மூடிடும். குவாரி வண்டிக்கு கல்லுத்தூள், அது ஆயில் கசிவோட சேர்ந்தா களிமண்ணா இறுகிடும். இன்ஜின் பக்கத்துல இருந்து வெளிப்பக்கமா காத்து அடிக்கணும், முன்னாடி இருந்து அடிச்சா தூசி இன்னும் உள்ளதான் போகும். வாட்டர் சர்வீஸ் கன்னை கிட்ட வெச்சு அடிச்சா ஃபின் மடங்கிடும், தள்ளி நேரா புடிங்க.

7. வழில ஹீட் ஆனா

சேலத்துல இருந்து தொப்பூர் ஏறி தர்மபுரி வர்றப்ப, கிருஷ்ணகிரில இருந்து சூளகிரி வழியா ஓசூர் ஏறுறப்ப லோடு வண்டிக்கு சோதனை. வண்டி மெதுவா போகுது, எதிர் காத்து கிடையாது, ஆனா இன்ஜின் முழு சக்தி குடுக்குது. ஆர்பிஎம் செத்துப் போற மாதிரி பெரிய கியர்ல அமுக்கிக்கிட்டே ஏறாதீங்க, ஒரு கியர் கொறைங்க, பம்பும் ஃபேனும் அப்பதான் வேகமா சுத்தும். முள்ளு ஏறுறது தெரிஞ்சா ஏசிய நிறுத்திட்டு ஹீட்டர் இருந்தா முழுசா திறங்க, அதுவும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். ஓரங்கட்டினா உடனே ஆஃப் பண்ணாதீங்க, தண்ணி கொட்டாம இருந்தா சில நிமிஷம் ஐடில்ல ஓடட்டும், டர்போவுக்கும் அதுதான் நல்லது. தண்ணி கொட்டிக்கிட்டு இருந்தாலோ ஆவி பீச்சினாலோ உடனே ஆஃப்.

அதே தொப்பூர்ல தர்மபுரில இருந்து கீழ இறங்குறப்ப ஏறின சூட்டை ஆத்தலாம், டீசல் மிச்சம் புடிக்கலாம்னு நியூட்ரல் போடுறவங்க இருக்காங்க, அந்த இறக்கத்துல எத்தனை உசுரு போயிருக்குன்னு நம்ம எல்லாருக்கும் தெரியும். கியர்ல இறங்கினா இன்ஜினே வண்டிய புடிக்கும், அப்ப டீசல் பாயறதே கிட்டத்தட்ட நின்னுடும், இன்ஜின் தானா ஆறும்.

மூடிய மட்டும் சூட்டுல திறக்கவே கூடாது. உள்ள 110 டிகிரில இருக்குற தண்ணி அழுத்தம் போனதும் அந்த நொடியே கொதிச்சு பீச்சி அடிக்கும், முகமும் கையும் வெந்து போகும். குறைஞ்சது அரை மணி நேரமாவது பொறுத்து, மேல் ஓஸை தொட்டு பார்த்து கை தாங்குற சூட்டுக்கு வந்ததும் கனமான துணி போட்டு முதல் தட்டு வரைக்கும் மட்டும் திருகி காத்து போக விடுங்க. பச்சைத் தண்ணிய கொதிக்கிற இன்ஜின்ல ஊத்தினா ஹெட்டு விரிசல் விடும், ஆறினதுக்கு அப்புறம் இன்ஜினை ஓட விட்டு கொஞ்சம் கொஞ்சமா ஊத்துங்க. அவசரத்துக்கு எந்த தண்ணி கிடைச்சாலும் ஊத்தலாம், ஊர் வந்து சேர்ந்ததும் அதை எடுத்துட்டு சரியானதை ஊத்திடணும்.

ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோங்க, இன்ஜின் அனலா கொதிக்குது, ஆனா முள்ளு திடீர்னு குளிர் பக்கம் விழுந்துடுச்சுன்னா நிம்மதி ஆகாதீங்க. சென்சார் இருக்குற இடத்துல தண்ணியே இல்லாம போயிருக்கலாம், உடனே நிறுத்துங்க.

8. எங்க கோளாறுன்னு கண்டுபிடிக்க

மேல் ஓஸ் சுடுது, கீழ் ஓஸ் ரொம்ப ஜில்லுன்னு இருக்குன்னா தண்ணி ரேடியேட்டர் தாண்டி வரல, டியூப் அடைப்பு. ரெண்டுமே ஜில், முள்ளு மட்டும் மேலன்னா தெர்மோஸ்டாட் திறக்கல. ரெண்டும் ஒரே மாதிரி கொதிக்குதுன்னா தண்ணி ஓடுது, காத்துதான் பத்தல, ஃபின் அடைப்பு, பெல்ட் தளர்வு, விஸ்கஸ் ஃபேன் (சூடானா மட்டும் வேகமா சுத்துற கிளட்ச் வெச்ச ஃபேன்) புடிக்காம போறது, இல்ல ஃபேனை கழட்டி மாட்டுனப்ப திருப்பி மாட்டியிருக்குறது. லோடு இல்லாம நல்லா இருந்து மேட்டுல மட்டும் ஏறுதுன்னா ரேடியேட்டர் பாதி அடைச்சிருக்குன்னு முதல் சந்தேகம் வைங்க.

காலைல குளிர் இன்ஜினை ஸ்டார்ட் பண்ணின ஓரிரு நிமிஷத்துலயே மேல் ஓஸ் கல்லு மாதிரி இறுகுது, மூடி திறந்து வெச்சு ஓட்டினா ரேடியேட்டர்ல நிக்காம குமிழி வருதுன்னா எரியிற வாயு தண்ணிக்குள்ள வருது, ஹெட் கேஸ்கெட் போயிருக்கு, இல்ல ஹெட்டு விரிசல். வெளிய கசிவே இல்லாம தண்ணி குறையுது, சூடான பிறகும் வெள்ளைப் புகை வருதுன்னாலும் இதேதான். டிப் ஸ்டிக்குல ஆயில் பால் கலந்த டீ நிறத்துல இருந்தா தண்ணி ஆயிலுக்குள்ள இறங்கியாச்சு, அதோட ஒரு கிலோமீட்டர் கூட ஓட்டாதீங்க, பேரிங் எல்லாம் போயிடும். பிஎஸ் 6 (புது புகை விதிப்படி வந்த) வண்டில ஈஜிஆர் கூலர், அதாவது இன்ஜினுக்கே திரும்ப போற புகைய தண்ணியால ஆத்துற பாகம், உள்ளுக்குள்ள ஓட்டை விழுந்தாலும் வெள்ளைப் புகையும் தண்ணி குறைவும் இருக்கும், ஹெட்டை கழட்டுறதுக்கு முன்னாடி அதை பிரஷர் டெஸ்ட் பண்ண சொல்லுங்க.

ஹெட்டை கழட்ட வேண்டியே வந்தா கேஸ்கெட்டை மட்டும் மாத்தி மூட விடாதீங்க. ஹெட்டு மேல நேர் கம்பி வெச்சு குறுக்கயும் மூலைக்கு மூலையும் ஃபீலர் கேஜ் விட்டு மட்டம் பார்க்கணும், வளைஞ்சிருந்தா ஃபேசிங் போடணும் (மெஷின்ல சீவி மட்டமாக்கணும்), சந்தேகம் இருந்தா லேத்துல குடுத்து பிரஷர் டெஸ்ட் பண்ணணும். போல்ட்டை கம்பெனி சொன்ன வரிசைல, சொன்ன டார்க்ல, நடுவுல இருந்து வெளிப்பக்கமா டைட் வைக்கணும். திறந்தது திறந்தாச்சு, வெட் லைனரா இருந்தா வெளிப்பக்கம் குழி விழுந்திருக்கான்னு லைனரை உருவி பார்த்துட்டு, ஹெட்ல எக்ஸாஸ்ட் சீட்டுக்கு பக்கத்து தண்ணி சந்துல டார்ச் அடிச்சு சுண்ணாம்பு இருந்தா சுரண்டி எடுக்க சொல்லி, அப்புறம் மூட சொல்லுங்க.